ஏட்டில் இல்லாத உழவன்

அரசுகளுக்கு நோய் கண்டால் அயல்நாட்டு மருத்துவரை அழைப்பதுண்டு. மருத்துவர் வருவார், நாடி பார்ப்பார், மருந்தும் எழுதித் தருவார். சீட்டு பேழைக்குள் போகும்; நோயாளியோ தன் பழைய பத்தியத்தையே தொடர்வார்! நில நிர்வாகத்தைச் செப்பனிட அமர்த்தப்பட்ட ஆலோசகர் ஒருவரின் எழுத்துக்களைப் படித்து மூடியபோது நம் நெஞ்சில் நின்ற காட்சி இதுவே.

நூலின் பெயர் 'அக்ரேரியன் ரிஃபார்ம் ஆஸ் அன்ஃபினிஷ்டு பிசினஸ்'. முடிவுறாப் பணியாய் நிற்கும் நிலச் சீர்திருத்தம் என்பது பொருள். எழுதியவர் உல்ஃப் லாடெஜின்ஸ்கி. தொகுத்தவர் லூயி வாலின்ஸ்கி. ஆசிரியர் மறைந்து ஈராண்டு கழித்து, 1977-இல், உலக வங்கிக்காக ஆக்ஸ்ஃபோர்டு அச்சகம் வெளியிட்ட தடித்த தொகுதி. அலுவலகக் குறிப்புகளும் பயண அறிக்கைகளும் நிரம்பியது. ஆதலின் சுவைக்காகப் படிப்போர்க்கு உகந்ததன்று. உழுதவன் ஏன் உண்ணவில்லை என்று கேட்போர் படித்தே ஆக வேண்டியது.

உக்ரைனில் 1899-இல் பிறந்து, புரட்சிக்குப் பின் நாட்டைவிட்டு வெளியேறி, 1922-இல் அமெரிக்கக் கரை ஏறியவர் இவர். உலகப் போர் முடிந்ததும் டோக்கியோவில் மெக்ஆர்தரின் அலுவலகத்தில் அமர்த்தப்பட்டார். ஜப்பானின் 1946-ஆம் ஆண்டு நிலச் சட்டத்திற்குப் பின்னின்ற கைகளில் இவருடையதும் ஒன்று. ஊரில் வாழாத நிலக்கிழாரின் குத்தகை நிலம் முழுவதையும் அரசு வாங்கிற்று. ஊரிலிருந்தவர் குத்தகைக்கு விட்டு வைத்துக்கொள்ள, ஹொக்கைடோ நீங்கலாக, ஏறத்தாழ ஒரு ஹெக்டேர்தான் விடப்பட்டது. குத்தகையில் கிடந்த நிலம் பாதிக்குச் சற்றே குறைவாக இருந்த நிலைமாறி, 1950-க்குள் பத்தில் ஒன்றளவுக்குச் சுருங்கிற்று.

எவர் செய்தார் இதை? தலைநகரத்து அதிகாரியா? அன்று! ஊர்தோறும் நிலக்குழு அமைந்தது. அதில் குத்தகையாளர் ஐவர், நிலக்கிழார் மூவர், சொந்த நிலம் உழுவோர் இருவர். எந்த வயல் எவனுடையது, எத்தனை ஆண்டாய் எவன் உழுகிறான் என்பதை அறிந்த கண்களே பட்டியலைத் தீட்டின. நூலின் உயிர்நாடி இந்த ஐந்து, மூன்று, இரண்டு என்ற கணக்கில்தான் துடிக்கிறது என்போம்.

தாய்வானிலும் இவர் சொல் எடுபட்டது. 1949-இல் குத்தகை விளைச்சலின் 37.5 விழுக்காட்டுக்கு மேல் போகக்கூடாதென அங்கே வரம்பிட்டனர். பிறகு வந்தது வேடிக்கை. பொதுவுடைமையைத் தடுக்கவே உழவனுக்கு நிலம் தருக என்று எழுதி வந்த இம்மனிதரை, 1954-இல், அமெரிக்க வேளாண் செயலாளர் எஸ்ரா பென்சன் 'பாதுகாப்புக்கு ஆபத்தானவர்' என்று வேலையினின்றும் நீக்கினார்! நிலத்தைப் பகிர் என்றவன் எந்த முகாமில் நின்றாலும் நிலமுள்ளோர் பார்வைக்குச் சிவப்பாகத்தான் தெரிவான் போலும்.

அடுத்து வியட்நாம். இங்கோ அதிபர் டியெம் 1956-இல் விதித்த உச்சவரம்பு நூறு ஹெக்டேர். ஆலோசகர் அவரேதான், அறிவும் குன்றவில்லை. ஜப்பானில் ஒன்று, சைகோனில் நூறு! ஏன்?

இவ்விடத்தில்தான் நூலோடு நாம் மாறுபடுகிறோம். அரசியல் உறுதி வேண்டும், வேண்டும் என்று லாடெஜின்ஸ்கி மீண்டும் மீண்டும் எழுதுகிறார். உறுதி வானத்திலிருந்து பொழிவதன்று. ஜப்பானில் நிலக்கிழாரின் செல்வாக்கை அயற்படை அடக்கி வைத்திருந்தது. தாய்வானை ஆண்டோர் கடல் கடந்து வந்தவர். அத்தீவின் வயல்கள் அவர்தம் உடைமையல்ல. பிறர் நிலத்தைப் பங்கிடுவதில் உறுதி எளிதில் பிறக்கும்! தன் வரப்பைத் தானே வெட்டச் சொல்லும்போது அரசுக்குக் கை நடுங்குகிறது.

தஞ்சைக்கு வருவோம். 1952-இல் இவர் இந்தியாவில் சுற்றிய பகுதிகளில் சென்னை மாநிலமும் ஒன்று. தஞ்சைச் சாகுபடியாளர், பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் பிறந்ததும் அதே ஆண்டில். 1963-இல் திட்டக்குழுவுக்காக ஐந்து மாவட்டங்களின் குத்தகை நிலையை ஆராய்ந்தார். அவற்றுள் தஞ்சையும் ஒன்று. சட்டங்கள் இருந்தன, உழுபவனின் பெயர் பதிவேட்டில் இல்லை. வாய்மொழிக் குத்தகை, இன்று ஒருவன், நாளை மற்றொருவன். இரயத்துவாரி முறை வரி கட்டும் பட்டாதாரரைத் தேடிற்று. வாரத்துக்கு உழுபவனைத் தேடவில்லை.

பள்ளியில் வருகைப் பதிவேடு எடுக்கும் நமக்கு இது எளிதில் விளங்கும். பெயர் ஏறாத பிள்ளை முன் வரிசையில் அமர்ந்து பாடம் ஒப்பித்தாலும், ஏட்டின்படி அவன் அங்கில்லை. நீதிமன்றத்தில் உழவனின் நிலையும் அதுவே. சட்டம் 'சாகுபடியாளனைக் காப்பேன்' என்கிறது. 'நீ சாகுபடியாளன் என்பதற்குச் சான்று எங்கே?' என்று அதே சட்டம் கேட்கிறது!

சாகுபடி உரிமைப் பதிவேட்டுச் சட்டம் தமிழகத்தில் 1969-இல் வந்தது. நன்று, மிக நன்று. எனினும் ஊரில் அடங்கலும் கணக்கும் எவர் கையில் இருந்தன? பரம்பரை வழக்கில் ஊறிய கர்ணம், மணியம் பதவிகள் 1980-இல்தான் ஒழிக்கப்பட்டன. உச்ச நீதிமன்றம் 1982-இல் அதை ஏற்றது. மிராசுதாரர் திண்ணையில் அமர்ந்து எழுதிப் பழகிய எழுதுகோல், குத்தகையாளனின் பெயரை விரும்பி எழுதியிருக்குமா? பதிவேடு வேண்டும் என்ற ஆலோசகரின் முடிவு சரி. அதனை எழுதும் கை எந்தக் குடும்பத்துக் கை என்ற கேள்வியே நமக்கு அதனினும் பெரிது. ஜப்பான் அக்கேள்விக்கு ஐவர் என்று விடை சொன்னது. இங்கே குத்தகையாளர் ஐவரை உட்கார வைக்க ஒரு பலகையும் போடப்படவில்லை.

இன்னொன்று. குத்தகையும் இல்லாத கூலி உழவன் எந்தப் பதிவேட்டுக்குள்ளும் வருவதில்லை. 1968 டிசம்பர் 25 அன்று கீழ்வெண்மணியில் ஒரு குடிசைக்குள் எரிந்த 44 உயிர்களும் அக்கூலி உழவர் குடும்பத்தினரே.

அரசுகள் ஆலோசகரை அமர்த்தட்டும், நாம் தடுக்கவில்லை. ஆனால் அவர் அறிக்கை வந்ததும், அடுத்த வாரமே ஊர்ச் சாவடியில் தாய்மொழியில் உரக்கப் படிக்கப்படட்டும். கேட்டுக்கொண்டிருக்கும் உழவன் எழுந்து, 'அந்த வயலை உழுவது நான். என் பெயர் எங்கே?' என்று கேட்க இடமிருக்கட்டும்.