ரிவெட்டைப் பாருங்க சார், ரிவெட்டை!

பழைய வாள் ஒன்று வந்திருக்கிறது என்று யாராவது சொன்னால் அன்றைக்கு எனக்குச் சோறு இறங்காது. ராபர்ட்சன்பேட்டை காயலான் கடைக்காரர்களுக்கு இந்தப் பைத்தியம் நன்றாகத் தெரியும். குவியலில் வளைந்த தகடு ஏதாவது தென்பட்டால் முதல் போன் எனக்குத்தான். கோலார் தங்கவயலில் பிறந்துவிட்டு இரும்பைப் பார்த்து மயங்குகிறானே என்று வீட்டில் ஓயாத கிண்டல். தங்கத்தை நாங்கள் எங்கே கண்டோம்? 2001இல் சுரங்கத்தை மூடும் வரை லைன் வீடுகளுக்கு வந்து சேர்ந்ததெல்லாம் இரும்பு வாசனையும் கல்தூசும்தான்.

அப்பா சாம்பியன் ரீஃப் சுரங்கப் பட்டறையில் இருந்தார். பாறையைக் குடைந்து மழுங்கி மேலே வரும் ட்ரில் கம்பிகளைக் காய்ச்சி, முனை தட்டி, தோய்ச்சல் வைப்பது அவர் வேலை. சூடேற்றும்போது எஃகின் மேல் வைக்கோல் நிறம் ஓடும், பிறகு பழுப்பு, ஊதா, நீலம். எந்த நிறத்தில் நிறுத்த வேண்டும் என்பதைக் கண்தான் சொல்ல வேண்டும். அந்தக் கண்ணில் கொஞ்சம் எனக்கும் வந்திருக்கிறது என்று நம்பிக்கொண்டிருக்கிறேன்.

சரி, வாளுக்கு வருவோம். புதிதாகச் சேகரிக்க வருபவர்கள் எல்லோரும் முதலில் பார்ப்பது அலகின் பளபளப்பை. அடுத்து பிடியில் தங்கப்பூச்சு இருக்கிறதா என்று. நான் சொல்வேன், இரண்டையும் விடுங்கள். அலகும் பிடியும் சேரும் இடத்துக்குக் கண்ணைக் கொண்டு போங்கள். தென்னிந்திய ஆயுதத்தின் ஜாதகம் முழுக்க அந்த இரண்டு அங்குலத்தில்தான் எழுதியிருக்கிறது.

நம்பாவிட்டால் தஞ்சாவூர்க் கட்டாரி ஒன்றைப் பாருங்கள். அடடா, என்ன பொருள் அது! குறுக்குப்பிடியை முஷ்டியால் பற்ற வேண்டும். இருபுறமும் கம்பிகள் முன்கையை ஒட்டி ஓடும். புறங்கையை மூட பாய் விரித்தாற்போல் ஒரு எஃகுக் கவசம். அதில் பூவேலைத் துளைகள். உச்சியில் நாக்கை நீட்டிய ஒரு யாளி. இதெல்லாம் வார்ப்பு இல்லை, எஃகை உளியால் செதுக்கியது. கோயில் தூணில் சிற்பி செய்ததைக் கொல்லன் இரும்பில் செய்திருக்கிறான். எங்கள் பக்கத்து வேலூர் ஜலகண்டேஸ்வரர் கோயில் கல்யாண மண்டபத்தையும் ஸ்ரீரங்கம் சேஷராயர் மண்டபத்தையும் பார்த்துவிட்டு இந்தக் கவசத்தைப் பாருங்கள். ஒரே கைகள்தானோ என்று சந்தேகம் வரும்.

ஆனால் அலகு? அங்கேதான் கதை. பிடியிலிருந்து நீளும் இலை வடிவத் தகடுகள் இரண்டு. அவற்றுக்கு நடுவே அலகைச் செருகி ரிவெட் அடித்திருப்பார்கள். அந்த அலகில் மூன்று வரிப்பள்ளங்கள் நேராக ஓடி, தகட்டுக்குள் திடீரென்று மறைகின்றன என்றால் எனக்கு மயிர்க்கூச்செறியும். ஏனென்றால் அது இங்கே அடித்த அலகு இல்லை. ஐரோப்பாவிலிருந்து கப்பலேறி வந்த நீள வாள் ஒன்றை வெட்டி, கட்டாரிக்கு அளவாகப் பொருத்தியிருக்கிறார்கள். சில கட்டாரிகளில் ‘ஆண்ட்ரியா ஃபெராரா’ என்ற பெயர் பள்ளத்துக்குள் இன்னும் தெரியும். அவர் 16ஆம் நூற்றாண்டு இத்தாலியக் கொல்லர். அவர் பெயரை ஜெர்மனியின் ஸோலிங்கன் பட்டறைகள் முத்திரையாக வருஷக்கணக்கில் அடித்துத் தள்ளின. ஆக அந்தக் காலத்திலேயே ‘டூப்ளிகேட் பிராண்ட்’! இத்தாலியன் பெயர், ஜெர்மன் இரும்பு, தஞ்சாவூர் யாளி. ஒரு முழ ஆயுதத்துக்குள் இவ்வளவு உலகம் வேறு எங்கே கிடைக்கும்?

என்னிடம் இருக்கும் கட்டாரி பெங்களூரு ஞாயிறு சந்தையில் கிடைத்தது. கவசம் எப்போதோ ஒடிந்துபோயிற்று. எழுத்து எதுவும் இல்லை. ஆனால் ரிவெட்டுகள் அசலானவை. தலை தேய்ந்து, தகட்டோடு ஒன்றாகிப்போய், விரலால் தடவினால் தட்டுப்படாது. கோடி ரூபாய் கொடுத்தாலும் தரமாட்டேன். (யாரும் கேட்கவில்லை, அது வேறு விஷயம்.)

நல்ல கட்டாரிகள் ஏன் இவ்வளவு அரிது என்று கேட்டால் வயிறு எரியும். 1855இல் தஞ்சையின் மராட்டிய மன்னர் சிவாஜி இறந்ததும் ஆங்கிலேயர் தஞ்சையை எடுத்துக்கொண்டார்கள். அரண்மனை ஆயுதசாலை 1860களில் கலைக்கப்பட்டது. தேர்ந்தெடுத்த கொஞ்சம் சென்னை அருங்காட்சியகத்துக்குப் போனது. மற்றதில் பெரும்பகுதியை உடைத்துப் பழைய இரும்பு விலைக்குத் தள்ளிவிட்டார்கள். எடைக்கு! தப்பியதைப் பார்க்க அந்த அருங்காட்சியகம் இருக்கும் எழும்பூருக்குத்தான் போக வேண்டும். அங்கே கட்டாரிகளோடு யானை அங்குசங்களும் இருக்கின்றன. அங்குசத்தைத் தாண்டிப் போய்விடாதீர்கள், அதுவும் அதே உளி.

தல்வார் என்ற வளைந்த வாள் வகைக்கு ரிவெட் இல்லை. அலகின் வாலைப் பிடிக்குள் நுழைத்து அரக்குப் பசையால் இறுக்கியிருப்பார்கள். சூடு காட்டினால் பிடி கழன்றுவிடும் என்பதால் ஒரு தலைமுறையின் அலகு அடுத்த தலைமுறையின் பிடிக்கு மாறிக்கொண்டே இருந்திருக்கிறது. பிடியின் வயதை வைத்து அலகின் வயதைச் சொல்பவரை நம்பாதீர்கள். இன்னொரு இன்பம், புள்ளி எழுத்து. பிகானேர் மன்னர் அனூப் சிங் 1689இல் ஆதோனி முற்றுகையில் அள்ளிய தக்காண ஆயுதங்களில் சின்னச் சின்னப் புள்ளிகளாக நாகரி எழுத்தைக் குத்திவைத்தார்கள். அப்படி ஒரு வரி கிடைத்துவிட்டால் அந்த ஆயுதம் எங்கே பிடிபட்டது என்பதே தெரிந்துவிடும்.

உருக்கு எஃகைப் பற்றித் தொடங்கினால் நிறுத்த மாட்டேன், அதனால் சுருக்கமாக. மைசூர்ச் சீமையிலும் சேலத்திலும் மண் மூசையில் உருக்கிய எஃகு அது. 1800இல் கிழக்கிந்தியக் கம்பெனி மருத்துவர் ஃபிரான்சிஸ் புக்கானன் மைசூர்ச் சீமை உலைகளை நேரில் பார்த்து எழுதிவைத்தார். விஞ்ஞானி மைக்கேல் ஃபாரடேகூட அதன் ரகசியத்தைத் தேடி மண்டையை உடைத்துக்கொண்டார். அதில் அடித்த அலகில் தண்ணீர் அலைபோல் கோலம் ஓடும். போலியை அமிலத்தால் வரைகிறார்கள். போலிக் கோலம் எல்லா இடத்திலும் ஒரே சீராக, அச்சடித்த சேலை மாதிரி இருக்கும். அசல் கோலம் இரும்புக்குள்ளேயே இருப்பதால், சாணை பிடித்துத் தேய்ந்த இடத்திலும் முனைவரை போகும்.

இந்த இணைப்புப் பைத்தியம் எனக்கு மட்டும்தான் என்று நினைத்திருந்தேன். பிறகு பிலிப்பைன்ஸின் மோரோ வாள்களைப் பற்றிப் படித்தேன். மிந்தனாவ், சூலு தீவுகளின் முஸ்லிம் மக்களுடையவை அவை. நாகம்போல் நெளியும் கிரிஸ், இலைபோல் அகன்ற பாரோங், பிளந்த வாய்போல் பிடி கொண்ட நீள கம்பிலான். கிரிஸ் வாளின் அடியில் கங்யா என்று ஒரு பகுதி உண்டு. பழையவற்றில் அது தனித் துண்டு. அலகோடு சேரும் கோட்டைக் கண்ணால் தொடரலாம். பிற்காலத்தில் ஒரே இரும்பாக அடித்து, மேலே கோடு மட்டும் கீறிவிட்டவை நிறைய. அங்கேயும் இணைப்புதான் உண்மை பேசுகிறது! இரண்டு நாட்டு வாள்களையும் ஒரே புத்தகத்துக்குள் கொண்டுவந்த ஜார்ஜ் கேமரன் ஸ்டோன் யார் தெரியுமா? அமெரிக்கச் சுரங்கப் பொறியாளர், உலோகம் படித்தவர். 1934இல் அவருடைய ஆயுத அகராதி வந்தது. சேகரிப்பு நியூயார்க் மெட்ரோபாலிடன் அருங்காட்சியகத்துக்குப் போனது. சுரங்கக்காரனுக்குத்தான் இரும்பின் அருமை தெரியும் என்று வீட்டில் சொல்லிக்கொள்ள எனக்கு ஒரு ஆதாரம் கிடைத்தது.

திப்புவின் படுக்கையறை வாள் 2023 மே மாதம் லண்டன் ஏலத்தில் 1.4 கோடி பவுண்டுக்குப் போனபோது பலர் என்னிடம் கருத்துக் கேட்டார்கள். அவருடைய அப்பா ஹைதர் அலி பிறந்தது எங்கள் பக்கத்துப் பூதிகோட்டையில், அந்தப் பெருமை உண்டு. ஆனால் ராஜா வாளுக்கு அடையாளம் காட்ட ஆயிரம் பேர். பெயரில்லாத சிப்பாயின் வாளுக்கு நம்மைப்போல் யாராவது வேண்டாமா?

ஒன்று மட்டும். வாங்குவதற்கு முன் ஆயுதச் சட்டத்தில் உங்கள் ஊருக்கு என்ன விதி என்று காவல் நிலையத்தில் கேட்டுவிடுங்கள். நூறு வயது தாண்டியதை வெளிநாட்டுக்கு அனுப்ப 1972ஆம் வருடச் சட்டம் விடாது. அனுப்பவும் கூடாது, ஏற்கெனவே போனது போதும்.

அடுத்த குறி குடகு. செப்டம்பரில் கைல்போது பண்டிகைக்கு அங்கே வீடுகளில் ஆயுதங்களை எடுத்துவைத்துப் பூசை செய்வார்கள். முதுகில் பித்தளைக் கொக்கியில் உறையே இல்லாமல் மாட்டிக்கொள்ளும் ஆயுத கத்தியை அங்கே கையில் எடுத்துப் பார்க்க வேண்டும். முன்னால் கனத்து உள்பக்கம் கூர் வைத்த அந்த அலகு பிடிக்குள் எப்படி உட்காருகிறது? நண்பர் ஒருவர் தாத்தா வீட்டுக்குக் கூட்டிப்போகிறேன் என்றிருக்கிறார். பூதக்கண்ணாடியை இப்போதே பையில் போட்டுவிட்டேன்.