சான்பாடா மண்ணுக்கு எந்த மழைத்தோட்டம்?

அமெரிக்காவின் அரிசோனா பாலைநிலத்தில் உள்ள டூசான் நகரில் ஆண்டு மழை ஏறத்தாழ 300 மி.மீ.தான். அங்கே பிராட் லங்காஸ்டர் என்பவர் சாலையோரக் கல்லை வெட்டி, தெருவில் ஓடும் மழைநீரை மரக்குழிக்குள் திருப்பினார். அந்த மண்ணுக்குரிய மரங்களையே நட்டார். முதலில் சட்டத்துக்குப் புறம்பாக இருந்த வேலையை நகராட்சி பின்னர் ஏற்றுக்கொண்டது. புதிய வணிகக் கட்டடங்களின் தோட்டத்துக்கு வேண்டிய நீரில் பாதியாவது மழையிலிருந்து வரவேண்டும் என்று 2008இல் விதியும் செய்தது.

நவி மும்பையின் சான்பாடாவில் அதைவிடப் பல மடங்கு மழை. ஆனால் அது ஜூன் முதல் செப்டம்பருக்குள் பெரும்பாலும் கொட்டித் தீர்ந்துவிடும். மீதி எட்டு மாதம் வறட்சிதான். டூசானில் கோடையிலும் குளிர்காலத்திலும் மழை உண்டு என்பதால் மழைநீர்த் தொட்டி நிறைந்து, காலியாகி, மறுபடி நிறையும். இங்கே 100 சதுர மீட்டர் மொட்டை மாடியில் 100 மி.மீ. பெய்தாலே 10,000 லிட்டர் தொட்டி நிரம்பிவிடும். ஜூலையில் அது ஒரு நாள் கனமழை. அதன்பிறகு பெய்வதெல்லாம் வடிகாலுக்கு. அக்டோபரில் தொட்டியைத் திறந்தால், சதுர மீட்டருக்கு நாளொன்றுக்கு 5 லிட்டர் கேட்கும் 100 சதுர மீட்டர் புல்தரை இருபதே நாளில் அதைக் குடித்துவிடும்.

அப்படியானால் நிலத்தடியில் சேர்க்கலாமே? 2003இல் தமிழ்நாடு எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கியபோது பெசன்ட் நகர் போன்ற மணற்பாங்கான பகுதிகளில் நல்ல பலன் கிடைத்தது. அதை அப்படியே இங்கே நகலெடுப்பது தவறு. பார்சிக் குன்றுக்கும் தானே கழிமுகத்துக்கும் இடையில், தாழ்நிலத்தில் மண் கொட்டி மேடாக்கிய பகுதிகள் இங்கு ஏராளம். கழிமுகத்தை ஒட்டிய இடங்களில் சில அடி தோண்டினாலே உப்புநீர் வரும். அங்கே உறிஞ்சுகுழி ஜூலையில் கொசுக்குட்டையாகிவிடும்.

ஆனாலும் டூசான் முறையைக் கைவிட வேண்டியதில்லை. மழைநீரை மண்ணில் இறக்கும் மழைத்தோட்டத்தின் உயிர் தொட்டியில் இல்லை, மரத்தில் இருக்கிறது. தரையைவிட அரையடி தாழ்ந்த மழைத்தோட்டப் பாத்தி வெள்ளத்தைத் தடுத்துவிடாது. 2005 ஜூலை 26 அன்று மும்பை சாந்தாகுரூசில் பதிவான 944 மி.மீ. போன்ற மழைக்கு முன்னால் அது ஒன்றுமே இல்லை. ஆனால் சாதாரண மழையின் ஓட்டத்தைத் தணிக்கும். மண்ணில் ஈரத்தை இருத்தும். அந்த ஈரத்தை வேர் பிடித்துக்கொண்டால் போதும்.

நாட்டு மரம் என்ற பெயர் மட்டும் போதாது. மலைக்காட்டு மரத்தைக் கொண்டுவந்து உவர்மண்ணில் நட்டால் அது கருகும். மராத்தியில் கரஞ்ச், உண்டி, பேண்டி எனப்படும் புங்கம், புன்னை, பூவரசு மூன்றும் கடற்கரை உப்பைத் தாங்குபவை. கன்றுகளுக்கு முதல் இரண்டு, மூன்று கோடைகள் நீர் ஊற்றியே ஆகவேண்டும் என்பது உண்மைதான். பத்துக் கன்றுக்கு வாரம் இரு முறை தலா ஒரு வாளி ஊற்றினால், புல்தரை இருபது நாளில் குடித்த அதே தொட்டி மே மாதம்வரை வரும். உதிரும் இலையைக் கூட்டி எறியாமல் பாத்தியிலேயே மூடாக்காகப் போட்டால் இன்னும் நீடிக்கும்.

உங்கள் குடியிருப்புச் சொசைட்டிக் கூட்டத்தில் தோட்டச் செலவு பேச்சுக்கு வரும்போது இன்னொரு தொட்டியைக் கேட்காதீர்கள். புல்தரையில் பாதியையும் அதன் ஓரத்துப் பேவர் பிளாக்கையும் பெயர்த்தெடுக்கக் கேளுங்கள். ஜூன் மழைக்கு முன்பே அங்கே பாத்தி தயாராக இருக்கட்டும்.