தோன்றாக் கேட்போர்: அகமதாபாத் மின்னணு இசைப் பதிவுகளின் தலைப்புகள்

தொல்காப்பியச் செய்யுளியல் கூறும் 34 உறுப்புகளுள் கூற்றும் கேட்போரும் அடங்கும். அவையோரைக் கருதாது இயற்றப்படும் சோதனை இசையைக் 'கேட்போரற்ற இசை' என மொழிபெயர்த்துவிடல் எளிது. அது பொருந்துமா என ஆராய, இந்திய மின்னணு இசையின் தொடக்கப் பதிவுகள் உதவுகின்றன.

1969இல் அகமதாபாத் தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில் அமெரிக்க இசைவாணர் டேவிட் டியூடர் மோக் சிந்தசைசருடன் ஓர் ஒலிக்கூடம் அமைத்தார். கீதா சாராபாய், ஐ. எஸ். மாதுர், எஸ். சி. சர்மா, அதுல் தேசாய், ஜின்ராஜ் ஜோஷிபுரா ஆகியோர் 1972 வரை அங்கு இயற்றியவை ஒலிநாடாக்களாக நிறுவனத்திலேயே தங்கின. பால் பர்கஸ் 2017இல் அவற்றைக் கண்டறிந்தார். தொகுப்பு 2023இல் வெளிவந்தது.

இவற்றின் ஆங்கிலத் தலைப்புகள் ஒருதன்மையன அல்ல. சர்மாவின் 'நடன இசை' ஆடுவோரைக் குறிப்பால் உணர்த்துகிறது. தேசாயின் ஒரு பதிவு 1970ஆம் ஆண்டு ஒசாகா உலகக் கண்காட்சிக்குரியதெனத் தன் களனைச் சுட்டுகிறது. மாதுரின் 'என் பறவைகள்', 'ஒருமுறை தம்பூரா மீட்டினேன்' என்பவற்றிலோ தன்மை மட்டுமே உண்டு. கூற்று உளது, கேட்போர் வெளிப்படவில்லை. பின்னதில் மொழிபெயர்ப்பாளரின் தேர்வும் பொருளை மாற்றும். 'ஒருமுறை' எனின் அது ஒரு சோதனை. 'முன்பொருகால்' எனின் கைவிட்ட கருவியின் நினைவு.

மில்டன் பாபிட் 1958இல் இசையமைப்பாளரை வல்லுநராகக் கருதி எழுதிய கட்டுரையை, 'நீர் கேட்டாலென்ன, கேளாவிட்டாலென்ன?' என்னும் பொருள்பட இதழொன்று தலைப்பு மாற்றி வெளியிட்டது. கேட்போரை மறுக்கும் அத்தொடரும் அவரை முன்னிலையில் விளித்தே மறுக்கிறது என்பது நோக்கத்தக்கது.

எர்ணாகுளம் மாவட்டத்துத் திருமூழிக்களம் போன்ற கோயில்களின் கூத்தம்பல மரபு வேறொரு நிலையைக் காட்டுகிறது. காண்போர் எவரும் வாராதபோதும், தெய்வத்தை முன்னிட்டு விளக்கின் முன் மிழாவு முழங்கக் கூத்து நிகழும். அங்கே அவை இல்லை, கேட்போர் உண்டு. அகமதாபாத் பதிவுகளிலோ கருதப்படாதவரே பிற்காலத்தில் கேட்போராயினர்.

தோன்றா எழுவாய் தொடரில் இல்லாதது அன்று, வெளிப்படாதது. கேட்போரும் அத்தகையரே. 'கேட்போரற்ற' என்பது ஆளை மறுக்கிறது. 'கேட்போரைப் புறக்கணித்த' என்பது இயற்றியோர்மேல் இல்லாத பகையை ஏற்றுகிறது. 'கேட்போரைக் கருதாத' என்பதே இயற்றியோர் நோக்கத்தை மட்டும் கூறி, பின்வரும் செவிக்கு இடம் விடுகிறது. ஆதலின் அதுவே ஏற்புடைய பெயர்ப்பாகும்.