எட்டு மில்லிமீட்டரில் ஒரு சூப்பர் கார்

இலங்கையில் உருவான மின்சார சூப்பர் கார் ஒன்று இருக்கிறது. வேகா ஈவிஎக்ஸ் என்று பெயர். வேகா இனொவேஷன்ஸ் என்ற நம் நாட்டு நிறுவனத்தின் கார்பன் ஃபைபர் உடல் கொண்ட வண்டி. 2020 மார்ச்சில் ஜெனீவா கார் கண்காட்சிக்குக் கொண்டுபோக இருந்தார்கள். கொரோனா வந்து கண்காட்சியே ரத்தாகிவிட்டது. புகாட்டிக்கு, லம்போர்கினிக்கு, பெராரிக்கு, மெக்லாரனுக்கு எல்லாம் லெகோ பெட்டி கிடைக்கிறது. வேகாவுக்கு நான் எங்கும் கண்டதில்லை. அதைக் கட்டை கட்டையாகக் கட்ட ஆசைப்பட்டால் நாமே வரைந்து நாமே கட்டவேண்டும். ஹட்டனில் என் மேசைமேல் அந்த முயற்சி நடந்துகொண்டிருக்கிறது. அதற்காகக் கையில் எடுத்துப் புரட்டிப் பார்த்த இரண்டைப் பற்றித்தான் இங்கே எழுதுகிறேன். ஒன்று, லெகோ டெக்னிக் வரிசையின் புகாட்டி சிரோன். மற்றது, ஸ்டூடியோ என்ற இலவச வடிவமைப்பு மென்பொருள்.

முதலில் பெட்டி. சிரோன் 2018 இல் வந்தது. ஒரேலியன் ரூஃபியாஞ்ச் என்பவர் வடிவமைத்தது. 3,599 துண்டுகள், எட்டில் ஒரு பங்கு அளவு, கட்டி முடித்தால் நீளம் 56 சென்டிமீட்டர், அகலம் 25. இப்போது உற்பத்தியில் இல்லை, கைமாறித்தான் வாங்கவேண்டும். எனக்குக் கொழும்பு நண்பர் ஒருவரிடமிருந்து கிடைத்தது.

கட்டத் தொடங்கியதும் ஒன்று தெளிவாகிறது. இது வெளித்தோற்றத்தில் தொடங்கும் பொம்மையல்ல. முதலில் வருவது கியர்பெட்டி. பிறகு பதினாறு பிஸ்டன்கள் மேலும் கீழும் ஓடும் டபிள்யூ16 எஞ்சின். அதன் பிறகு நான்கு சில்லுகளுக்கும் தனித்தனி ஸ்பிரிங். முன்பாதியும் பின்பாதியும் தனித்தனியே வளர்ந்து ஓரிடத்தில் ஒன்றாகப் பூட்டப்படுகின்றன. பிரான்ஸில் மோல்ஷைம் தொழிற்சாலையில் நிஜ சிரோனைச் சேர்க்கும் விதத்தைப் பார்த்துச் செய்த ஏற்பாடு இது. நீலப் பேனல்கள் கடைசியில்தான் வருகின்றன. அதுவரை உங்கள் முன்னால் இருப்பது ஓர் எலும்புக்கூடு. அந்த எலும்புக்கூட்டைத்தான் நான் அதிக நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பூட்டும் இடம் வந்ததும் நிறுத்துங்கள். பின்சில்லைக் கையால் சுற்றி, ஸ்டியரிங்குக்குப் பின்னால் உள்ள நெம்பைத் தட்டி ஒவ்வொரு கியராக மாற்றி, பிஸ்டன் ஓடுகிறதா என்று பாருங்கள். ஒரு பற்சில்லு ஒரு துளை தள்ளிப் போயிருந்தாலும் பூட்டிய பிறகு தெரியாது; தெரியவரும்போது பாதி வண்டியைக் கழற்றவேண்டியிருக்கும். வழிகாட்டிப் புத்தகம் இந்த இடத்தில் இன்னும் அழுத்திச் சொல்லியிருக்கலாம்.

குறைகள் உண்டு. நிஜ சிரோனில் ஏழு கியர், லெகோவில் எட்டு. கட்டமைப்பின் வசதிக்காகச் செய்தது புரிகிறது. என்றாலும் உருவத்தில் இவ்வளவு உண்மையாக இருக்கும் ஒரு மாதிரி, எண்ணிக்கையில் விலகுவது உறுத்துகிறது. அடுத்தடுத்த கியர்களின் விகிதங்களும் மிக நெருக்கம். மேசையில் தள்ளிக்கொண்டு போனால் நான்காவதற்கும் ஐந்தாவதற்கும் வித்தியாசம் கண்ணுக்குத் தெரிவதில்லை. அத்தனை பற்சில்லுகளும் சேர்ந்து சுழலும்போது இழுவை கூடி வண்டி கனக்கிறது. இவற்றையெல்லாம்விடப் பெரிய குறை, அந்த அழகான கியர்பெட்டி முழுவதும் உள்ளே புதைந்துபோவது. முடிந்த வண்டியில் அதைக் காண வழியே இல்லை.

டயரையும் சொல்லவேண்டும். நிஜ சிரோனின் பின்டயர் 355/25 ஆர்21. கணக்குப் போட்டால் விட்டம் ஏறத்தாழ 71 சென்டிமீட்டர். எட்டால் வகுத்தால் 89 மில்லிமீட்டர் வரவேண்டும். பெட்டியில் வருவது 81.6 மில்லிமீட்டர் டயர். முன்னும் பின்னும் அதே விட்டம். நிஜக் காரில் முன்டயர் சற்றுச் சிறியது. பக்கவாட்டிலிருந்து பார்க்கும்போது சில்லுக்கும் மட்கார்டுக்கும் நடுவில் தெரியும் இடைவெளிக்கு இதுவும் ஒரு காரணம். சூப்பர் காரின் கம்பீரமே சில்லு உடலை நிறைத்து நிற்பதில்தான் இருக்கிறது என்பவர்களுக்கு இது சின்ன விஷயமல்ல.

ஆனால் இந்த டயர் கணக்குத்தான் சொந்தமாக வடிவமைப்பவருக்கு முதல் பாடம். அளவை நாம் தேர்ந்தெடுப்பதில்லை, டயர் தேர்ந்தெடுக்கிறது. கையில் இருக்கும் டயர் 62.4 மில்லிமீட்டர் என்று வைப்போம். நிஜ சூப்பர் காரின் டயர் 70 சென்டிமீட்டர் அளவில் இருக்கும். அப்படியானால் நம் மாதிரி பதினொன்றில் ஒரு பங்கு. இரண்டு மீட்டர் அகலமான வண்டி 18 சென்டிமீட்டர் ஆகிறது. லெகோ டெக்னிக் சட்டங்களில் துளைக்குத் துளை தூரம் சரியாக 8 மில்லிமீட்டர். அதனால் வகுத்தால் 23 துளை அகலம். காரின் சரியான அளவுகள் கைக்கு வராதபோதும் இதே வழி உதவும். பக்கவாட்டுப் படம் ஒன்றை எடுத்து, முன்சில்லின் மையத்திலிருந்து பின்சில்லின் மையம் வரை எத்தனை சில்லு விட்டம் என்று அளந்தால் போதும். சிரோனில் அது நாலுக்குக் கொஞ்சம் குறைவு. வேகாவின் படத்தை வைத்து அளந்து, நான் 30 துளையில் தொடங்கினேன்.

எட்டு மில்லிமீட்டர் என்ற இந்த ஒரே அளவுதான் முழு விளையாட்டையும் தாங்கி நிற்கிறது. டெக்னிக் வரிசை 1977 இல் வந்தது. அன்றைய பற்சில்லுக்கும் இன்றைய அச்சுத்தண்டுக்கும் அளவு பொருந்துகிறது. கையில் ஐந்து வகைப் பற்சில்லை எடுத்துப் பாருங்கள். 8 பல்லும் 24 பல்லும் பூட்டினால் மையத்துக்கு மையம் 16 மில்லிமீட்டர், அதாவது இரண்டு துளை. 16 பல்லும் 16 பல்லும் பூட்டினாலும் இரண்டு துளை. 12 பல்லும் 20 பல்லும் பூட்டினாலும் அதே இரண்டு துளை. ஆகவே இரண்டு அச்சுத்தண்டுகளை இரண்டு துளை தூரத்தில் நிறுத்தி வைத்துக்கொண்டே மூன்றுக்கு ஒன்று, ஐந்துக்கு மூன்று, ஒன்றுக்கு ஒன்று என்று மூன்று விகிதங்களைப் பெறலாம். தண்டுமேல் நகரும் பூட்டு வளையம் எந்தச் சோடியைப் பிடிக்கிறதோ அந்தக் கியர். அந்த வளையம் வந்தது 1994 இல், 8880 என்ற எண்ணுள்ள சூப்பர் காரோடு. நான்கு சில்லும் இழுக்கும், நான்கு சில்லும் திரும்பும் வண்டி அது. இன்று பார்த்தாலும் பொறியியலில் அதை மிஞ்சிய பெட்டிகள் மிகக் குறைவு என்பது என் எண்ணம்.

இந்த விகிதங்களின் பயன் ஏற்றத்தில் தெரியும். நுவரெலியாவில் மஹகஸ்தோட்ட மலையேற்றப் பந்தயம் 1934 இல் தொடங்கியது. ஏப்ரல் வசந்தகாலத்தில் அதைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகளுக்கு, ஏற்றத்தில் ஏன் கியரைக் குறைக்கிறார்கள் என்று வாயால் விளக்கத் தேவையில்லை. என் அடிச்சட்டத்தில் ஒரு சின்ன மோட்டாரைப் பூட்டிச் சாய்த்த பலகையில் விட்டுப் பார்த்தேன். ஒன்றுக்கு ஒன்று வைத்தபோது மோட்டார் முனகி நின்றுவிட்டது. மூன்றுக்கு ஒன்று வைத்தபோது அதே மோட்டார், அதே எடை, மெதுவாக ஏறிப்போனது. பாடப்புத்தகத்தில் ஒரு பக்கம் எடுக்கும் விஷயம் விரலில் புரிகிறது.

சாய்வுகளுக்கும் ஒரு வழி இருக்கிறது. சூப்பர் காரின் முன்கண்ணாடி மிகப் படுத்திருக்கும். சட்டத்தையோ நினைத்த கோணத்தில் பூட்ட முடியாது, துளை ஒத்துவரவேண்டும். பைதகரஸ் இங்கேதான் கைகொடுக்கிறார். 5, 12, 13 பக்கமுள்ள செங்கோண முக்கோணத்தில் சாய்வு 22.6 பாகை. தாழ்ந்த கார் ஒன்றின் கண்ணாடிக்கு அச்சொட்டான சாய்வு. துளைகளை எண்ணும்போது கவனம்: 12 அலகு தூரத்துக்கு 13 துளைச் சட்டம் வேண்டும். சாய்ந்த பக்கத்துக்கு 14 துளை. அந்த நீளத்தில் சட்டம் கிடைக்காது, பெரும்பாலும் ஒற்றைப்படை நீளங்களே வரும். 15 துளைச் சட்டத்தை எடுத்து முதல் துளையிலும் பதினான்காம் துளையிலும் ஆணியைச் செருகினால் வேலை முடிந்தது. 3, 4, 5 முக்கோணம் இன்னும் செங்குத்தான கோணம் தரும், பின்பக்கத்துக்கு அது.

இவ்வளவையும் துண்டு வாங்குவதற்கு முன்னே பார்த்துக்கொள்ளத்தான் ஸ்டூடியோ. பிரிக்லிங்க் என்ற துண்டுச் சந்தையின் மென்பொருள் இது. பிரிக்லிங்கை 2000 இல் டேன் ஜெசெக் தொடங்கினார். 2019 இல் லெகோ நிறுவனம் வாங்கியது. இதற்கெல்லாம் முன்னோடி, ஆஸ்திரேலியாவின் ஜேம்ஸ் ஜெஸ்மன் 1995 இல் தனியாளாகச் செய்து இலவசமாகக் கொடுத்த எல்ட்ரா. 1997 இல் அவர் இளவயதிலேயே இறந்துபோனார். அவர் வகுத்த கோப்பு வடிவத்தில்தான் இன்றும் உலகம் முழுவதும் மாதிரிகள் கைமாறுகின்றன. நன்றியோடு சொல்லவேண்டிய பெயர்.

ஸ்டூடியோவில் எனக்குப் பிடித்தது, ஒருமுறை இறக்கி நிறுவிவிட்டால் இணைய இணைப்பு இல்லாமலே வரையலாம் என்பது. டேட்டாவை எண்ணிப் பாவிக்கும் தோட்டப் பிள்ளைக்கு இது பெரிய உதவி. துண்டு துண்டின்மேல் ஏறினால் எச்சரிக்கிறது. துண்டுப் பட்டியலைத் தானே எழுதித் தருகிறது, படிப்படியான வழிகாட்டிப் புத்தகமும் செய்து தருகிறது. பழைய மடிக்கணினியிலும் ஓடுகிறது, ஆனால் துண்டு ஆயிரத்தைத் தாண்டியதும் திணறுகிறது. அப்போது முன்பாதி, பின்பாதி, கதவு என்று தனித்தனிக் கோப்பாக வைத்துக்கொள்வது நல்லது.

அது சொல்லாத விஷயங்களும் இருக்கின்றன. திரையில் சட்டம் வளையாது, கையில் வளையும். திரையில் 30 துளை நீள அடிச்சட்டம் நேராக நிற்கும். மேசையில் எஞ்சினின் எடை ஏறியதும் நடுவில் தொய்யும். அதைத் தடுக்கக் கதவின் அடியில் இரட்டைச் சட்டம் கொடுத்துக் குறுக்கே கட்டவேண்டும். பற்சில்லுகள் ஒன்றையொன்று திருப்பிக் காட்டுவதும் இல்லை, உராய்வும் தெரியாது. ஆகவே உடலைத் திரையில் வரையுங்கள். கியரையும் சஸ்பென்ஷனையும் கையில் கட்டிப் பாருங்கள். அடுத்து என்ன வாசிக்கலாம் என்று கேட்பவர்களுக்கு, போலந்துக்காரர் பவெல் கிமியெச் டெக்னிக் கட்டுமானம் பற்றி ஆங்கிலத்தில் எழுதிய நூல் ஒன்று இருக்கிறது. கியர், ஸ்டியரிங், சஸ்பென்ஷன் மூன்றுக்கும் அதுவே போதும்.

நம் ஊர்க் காலநிலை பற்றி ஒரு சொல். மூடுபனியும் மழையும் பிளாஸ்டிக்கை ஒன்றும் செய்வதில்லை. ஒட்டும் ஸ்டிக்கரின் ஓரம்தான் ஈரத்தில் எழும்பும். கெடுப்பது வெயில். ஜன்னலோரம் வைத்த வெள்ளை, சாம்பல் துண்டுகள் காலப்போக்கில் மஞ்சளாகும். நிழலில் வையுங்கள்.

இனி விலை. எட்டில் ஒரு பங்கு வரிசையில் 2024 இல் வந்த மெக்லாரன் பி1 பெட்டிக்கு 3,893 துண்டுகள், வெளிவந்தபோது அமெரிக்காவில் 449.99 டொலர். டொலரை 300 ரூபா என்று வைத்தால் 135,000 ரூபா, தபாலும் சுங்கமும் வேறு. அதே 2024 செப்டெம்பரில் வர்த்தமானியில் வந்த தோட்டத் தொழிலாளியின் நாட்சம்பளம் 1,350 ரூபா. அன்றைய சம்பளத்தில் ஒரு பெட்டிக்கு நூறு நாள் கொழுந்து. இந்தக் கணக்கைப் போட்ட பிறகு, பெரிய பெட்டியை வாங்குங்கள் என்று மலையகத்தில் யாருக்கும் நான் சொல்லமாட்டேன்.

சொல்வது இதுதான். சிரோனை இரவல் கிடைத்தால் கட்டிப் பாருங்கள், கற்றுக்கொள்ள நிறைய இருக்கிறது; சேமித்து வாங்கவேண்டியதில்லை. வாங்குவதென்றால் சின்னது வாங்குங்கள். 2021 இன் மெக்லாரன் சென்னா ஜிடிஆரில் 830 துண்டு, 2023 இன் புகாட்டி போலிடில் 905 துண்டு. கியர்பெட்டியும் சஸ்பென்ஷனும் இவற்றில் இல்லை. ஆனால் பிஸ்டனும் ஸ்டியரிங்கும் உண்டு. ஒருமுறை புத்தகப்படி கட்டி, கழற்றி, அதே துண்டில் உங்கள் சொந்த அடிச்சட்டத்தைக் கட்டுங்கள். சீனாவின் காடா, மோல்ட் கிங் துண்டுகளும் இதே எட்டு மில்லிமீட்டர் அளவில் விலை குறைவாக வருகின்றன. ஆணியின் இறுக்கம் பெட்டிக்குப் பெட்டி மாறும், பழகலாம்.

உயர்தரத்தில் தொழில்நுட்பத் துறை 2013 முதல் இருக்கிறது. ஹட்டன், தலவாக்கலை, நுவரெலியாப் பாடசாலைகளில் பொறியியல் தொழில்நுட்பம் கற்பிக்கும் ஆசிரியர்களிடமும் பழைய மாணவர் சங்கங்களிடமும் ஒரு வேண்டுகோள். பரிசளிப்பு விழாக் கேடயச் செலவில் கொஞ்சம் ஒதுக்கி, வகுப்புக்கு இரண்டு நடுத்தரப் பெட்டி வாங்கிக் கொடுங்கள். கணினி அறையில் ஸ்டூடியோவை நிறுவிவிடுங்கள், அதற்குக் காசு இல்லை. வேகாவை வரையச் சொல்லுங்கள். என் கோப்பு முடிந்ததும் கேட்கும் பாடசாலைக்கு இலவசமாகத் தருகிறேன்.