மண்ணிற் பதிந்த துணிச்சுவடு

துணி மண்ணுள் நெடுநாள் நில்லாது. ஈரநிலத்தில் விரைவில் மட்கி மறையும். ஆயின், பச்சைக் களிமண்ணில் அழுந்திய துணியின் சுவடு, அம்மண் தீயிற் சுடப்பட்டபின் நூற்றாண்டுகள் பல கடந்தும் நிற்கும். வட அமெரிக்காவின் கிழக்குப் பகுதிப் பழங்குடி மக்களின் துணித்தொழிலை இச்சுவடுகளைக்கொண்டு ஆராய்ந்தோருள் முன்னோடி வில்லியம் ஹென்றி ஹோம்ஸ் என்பார். அவருடைய ஆய்வு 1884 இல் வெளிவந்தது.

சுவடு துணியின் எதிருரு. துணியில் மேடாயிருந்தது ஓட்டிற் பள்ளமாகும். வலப்புறம் சாய்ந்த முறுக்கு இடப்புறம் சாய்ந்ததாய்த் தோன்றும். ஆதலின் ஹோம்ஸ் ஓட்டின்மேல் மென்களிமண்ணை அழுத்தி மீண்டும் ஓர் உருவை எடுத்து, அதிலே இழைகளின் போக்கைக் கண்டார். எளிய முறையெனினும் இதனினும் செவ்விய முறை அக்காலத்தில் இல்லை எனலாம். அவர் கண்டவற்றுட் பல, இரண்டு ஊடையிழைகளை ஒன்றோடொன்று முறுக்கிப் பாவிழைகளைப் பற்றுமாறு கையாற் பின்னியவை.

மண் காயும்போதும் சுடும்போதும் சுருங்குமாதலின், ஓட்டில் எண்ணிய இழைநெருக்கம் உண்மையினும் சற்று மிகும். சாயம் யாது என்பது சுவட்டிற் புலப்படாது. கயிறு சுற்றிய பலகையாற் கலத்தைத் தட்டிய தழும்பு துணிச்சுவடுபோல மயக்குதலும் உண்டு. இதனை ஹோம்ஸே பின்னர் எடுத்துக்காட்டினார். விழிப்புடன் நோக்குவார்க்கு இவை பெருந்தடைகள் அல்ல. பெருவினா வேறு. மண்ணிற் பட்ட அத்துணி எத்தகைய துணி? குயவுத்தொழிலுக்கென்றே முடைந்த முரட்டுத் துணியாயின், அதனைக்கொண்டு ஒரு மக்களின் ஆடைத்திறனை அளத்தல் சாக்கினைக்கொண்டு பட்டினை மதிப்பிடுதல் போலாகும்.

இவ்வினாவுக்கு விடைகாண முயன்றது பெனலப்பி ட்றூக்கரின் 1992 ஆம் ஆண்டு நூல். கென்ரக்கி மாநிலத்தில், மிசிசிப்பி ஆற்றங்கரையிலுள்ள விக்கிளிவ் என்னும் பழைய மேட்டூரிற் கிடைத்த ஓடுகளே அவருக்குச் சான்று. உப்புத் தட்டங்கள் எனப்படும் அகன்று தடித்த கலங்களில் 1,000 இற்கு மேற்பட்ட சுவடுகளை அவர் ஆராய்ந்தார். கலம் அச்சினின்று எளிதிற் கழலும்பொருட்டு இடையே துணி விரிக்கப்பட்டது என்பர். அவ்வளவே நோக்கமாயின் எவ்வகைப் பின்னலும் போதும். சுவடுகளிலோ வேலைப்பாடு மிகுந்த பின்னல்களும் காணப்படுகின்றன. அவற்றுக்குச் சென்ற உழைப்பை எண்ணியே, இவை மேலாடையும் அரையாடையுமாய் வழங்கிப் பின் குயவர் கைக்கு வந்தவை என்று ட்றூக்கர் துணிந்தார்.

இம்முடிபு ஏற்புடையதே. எனினும் இதன் எல்லையும் நோக்கத்தக்கது. எற்றோவா, ஸ்பைரோ முதலிய இடங்களின் பெருமக்கள் புதைகுழிகளிற் செப்புத் தகட்டை அடுத்துக் கிடந்தமையால் அழியாது எஞ்சிய நுண்டுணிகள் உள. அத்தகையன உப்புத் தட்டத்தின் அடியில் விரிக்கப்பட்டிருத்தல் அரிது. ஆகவே புதைகுழி உயர்ந்தோர் உடையையும், உடைந்த ஓடு ஊரார் உடையையும் காட்டுவனவாகக் கொள்ளலாம். ஆயினும் அவ்வூரார் உடுத்த ஆடையின் முழு அகலத்தை ஓடுகளிற் காண்டல் அரிது. கலம் உடைந்தபோதே துணியின் உருவும் துண்டுபட்டது.