பருத்திப் பின்னலாடையில் மருந்தேற்றிய நானோதுகள்கள்: அகச்சிவப்பு நிறமாலைச் சான்றின் எல்லைகள்

ஆய்வுச் சுருக்கம்

பலபடி நானோதுகளுக்குள் மருந்து அடைபட்டுள்ளது என்பதற்கு அகச்சிவப்பு நிறமாலையே போதிய சான்றாகப் பல ஆய்வேடுகளில் முன்வைக்கப்படுகிறது. பருத்தித் துணியைப் பொறுத்தவரை இச்சான்று எதை நிறுவும், எதை நிறுவாது என்பதை இக்கட்டுரை திறனாய்கிறது.

முன்னுரை

உள்ளாடைக்கும் குழந்தைகள் ஆடைக்கும் பெயர்பெற்ற திருப்பூர்ப் பின்னலாடையில் கிருமி எதிர்ப்புப் பூச்சு ஏற்றுவது கொங்குப் பகுதி ஜவுளி ஆய்வுகளில் விருப்பமான பொருளாகும். இதற்கு இறால், நண்டு ஓடுகளிலிருந்து பெறப்படும் கைட்டோசான் பெரிதும் பயன்படுகிறது. கைட்டோசானை டிரைபாலிபாஸ்பேட்டுடன் சேர்த்து நானோதுகளாக்கும் முறையை ஸ்பெயின் நாட்டு ஆய்வாளர்களான கால்வோ, அலோன்சோ முதலியோர் 1997இல் வெளியிட்டனர். இத்துகளில் மஞ்சளின் குர்குமின் போன்ற பொருளை ஏற்றி, துணியை அக்கரைசலில் தோய்த்து, உருளைகளிடையே பிழிந்து உலர்த்துவர்.

வாய்பாடாகிவிட்ட விளக்கம்

மருந்தின் உறிஞ்சல் பட்டை சற்று இடம்பெயர்ந்தால், ‘ஹைட்ரஜன் பிணைப்பு உருவானது, ஆகவே மருந்து துகளுக்குள் உள்ளது’ என எழுதுகிறோம். பட்டை மறைந்தாலோ, ‘மருந்து முழுமையாக அடைபட்டது’ என எழுதுகிறோம். இக்கட்டுரையாளரும் தொடக்கத்தில் இவ்வாறே எழுதியதுண்டு. ஆனால் துகளின் புறப்பரப்பில் ஒட்டிய மருந்தும் ஹைட்ரஜன் பிணைப்பை ஏற்படுத்தும். எனவே இடப்பெயர்ச்சி ஊடாட்டத்தைக் காட்டுமேயன்றி மருந்தின் இருப்பிடத்தைக் காட்டாது. துகளைக் கழுவிப் பிரிக்கையில் மருந்து வெளியேறியிருந்தாலும் பட்டை மறையும். இரு நேரெதிர் முடிவுகளுக்கும் இடந்தருவதைச் சான்றெனக் கொள்ள இயலாது. மேலும், 4 செ.மீ⁻¹ பிரிதிறனில் ஒரே முறை அளந்து, 2 செ.மீ⁻¹ இடப்பெயர்ச்சிக்குப் பொருள் கூறுவதும் ஏற்புடையதன்று.

பருத்தி மறைப்பவை

துணியில் இச்சிக்கல் பெருகுகிறது. பருத்தியின் செல்லுலோசும் கைட்டோசானும் நெருங்கிய அமைப்புடையவை. 3300 செ.மீ⁻¹ அருகிலும் 1000 முதல் 1160 செ.மீ⁻¹ வரையிலும் இரண்டின் பட்டைகளும் ஒன்றன்மேல் ஒன்று படிகின்றன. கைட்டோசானின் 1650 செ.மீ⁻¹ பட்டையை, பருத்தி உறிஞ்சிய நீரின் 1640 செ.மீ⁻¹ பட்டை மறைக்கிறது. அளவும் ஒரு தடையாகும். 100 கிராம் துணியில் 1 கிராம் துகளும், அத்துகளில் 10 விழுக்காடு மருந்தும் இருப்பதாகக் கொண்டால், மருந்து துணியின் எடையில் 0.1 விழுக்காடே.

ஆயினும் வழியில்லாமல் இல்லை. குர்குமினின் 1510 செ.மீ⁻¹ அருகிலுள்ள பட்டை, பருத்தி பெரிதும் உறிஞ்சாத பகுதியில் அமைகிறது. மேற்பரப்பின் ஓரிரு மைக்ரான் ஆழத்தையே நோக்கும் ஏ.டி.ஆர். முறையில், இழையின் புறத்தே படிந்த துகள் கூடுதலாகப் புலப்படும். எனவே 3300 செ.மீ⁻¹ பட்டையின் அகலத்தைப் பற்றி எழுதுவதைவிட இப்பகுதியைத் தேடுவதே பயனுடையது.

சலவைக்குப் பின்

மஞ்சள் பட்ட துணி சோப்புப் பட்டதும் சிவப்பதை நம் வீடுகளில் அனைவரும் அறிவர். காரத்தில் குர்குமின் நிறம் மாறிச் சிதையவும் செய்கிறது. ஆகவே சலவைக்குப் பின் பட்டை குறைந்தால், துகள் கழன்றதா, மருந்து மட்டும் கசிந்ததா, அல்லது சிதைந்ததா என்பதை நிறமாலை மட்டும் கூறாது. இவ்வேறுபாடு திருப்பூருக்கு முக்கியமானது. நொய்யலில் கலந்த சாயக்கழிவு ஒரத்துப்பாளையம் அணையில் தேங்கியதையும், 2011இல் சென்னை உயர்நீதிமன்ற ஆணையால் சாயப்பட்டறைகள் மூடப்பட்டதையும் கண்ட பகுதி இது. துணியிலிருந்து கழல்வது எங்கே செல்கிறது என்னும் வினாவை இங்கு ஒதுக்க இயலாது.

முடிவுரை

வெறுந்துணி, வெற்றுத்துகள் ஏற்றிய துணி, மருந்து மட்டும் ஏற்றிய துணி, மருந்தேற்றிய துகள் கொண்ட துணி ஆகிய நான்கின் நிறமாலைகளும் ஒருங்கே தரப்படவேண்டும். துகளும் மருந்தும் வெறுமனே கலந்த கலவையின் நிறமாலையும் ஒப்பீட்டிற்குத் தேவை. மருந்தைக் கரைத்தெடுத்து, புறஊதா-கட்புல முறையில் அளவிட வேண்டும். ஐ.எஸ்.ஓ. 6330 முறையில் சலவை செய்தபின் துணியையும் சலவை நீரையும் ஆராய்தல் வேண்டும். அகச்சிவப்பு நிறமாலை நல்ல சாட்சி. ஆயினும் அது காணாததையும் கண்டதாகக் கூறவைப்பது ஆய்வாளரின் பிழையே. குழந்தையின் உடலில் படும் துணிக்கு ‘கிருமி எதிர்ப்பு’ என்னும் முத்திரை குத்துமுன் இவ்வளவு சான்றேனும் வேண்டும்.