அழுத்தமும் எழுத்தும்: ஈய அச்சின் மறுவரவும் நிக்காஹ் அழைப்பிதழும்

முன்னோர் குற்றமெனக் கடிந்த ஒன்றைப் பின்னோர் அழகெனக் கொண்டாடுவது எல்லாத் தொழில்களிலும் உண்டு. ஈய எழுத்து அச்சின் இன்றைய மறுவரவு அதற்குத் தக்க சான்று. டிரெடில் பொறியில் பணியாற்றிய பழைய அச்சாளர், எழுத்து தாளைத் தொட்டும் தொடாமலும் மை பதிய வேண்டும் என்று பயின்றவர். தாளின் பின்புறத்தைத் தடவும் விரலுக்கு மேடு தட்டுப்பட்டால் அது பிழை. எழுத்து விரைவில் தேயும், பின்பக்கத்தில் அச்சிடவும் இயலாது. இன்றைய சிறு அச்சுக்கூடங்கள் அந்தப் பள்ளத்தையே விலைப்பொருளாக்கியுள்ளன. 1990களில் அமெரிக்கத் திருமண இதழ்கள், குறிப்பாக 1994இல் தொடங்கிய மார்த்தா ஸ்டூவர்ட்டின் இதழ், பரப்பிய இச்சுவை, தடித்த பருத்தித் தாளில் ஆழப் பதிந்த அழைப்பிதழாக நம் பெருநகரக் கைவினைக் கண்காட்சிகளுக்கும் வந்து சேர்ந்திருக்கிறது. நிக்காஹ் அழைப்பிதழ்களும் இதற்கு விலக்கல்ல. ஆதலின் இக்கலை எதைத் தருகிறது, எதைத் தரத் தவறுகிறது என்று ஆராய்வது நமக்கும் உரிய பணியாகிறது.

பொறியா, கைவினையா?

சென்னை வரலாற்றில் 1964 இரண்டு தொடக்கங்களைக் கண்ட ஆண்டு. சிறுதொழில்களுக்கென அம்பத்தூர் தொழிற்பேட்டை தோன்றியது அவ்வாண்டில். கமலாதேவி சட்டோபாத்யாயா நிறுவிய இந்தியக் கைவினைக் கழகம் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டு எழுந்ததும் அவ்வாண்டிலேயே. ஒன்று பொறிகளுக்கான இடம். மற்றது கைகளுக்கான அவை. ஈய எழுத்து அச்சு பிறப்பால் முன்னதைச் சார்ந்தது. மிகுதியாகவும் மலிவாகவும் படியெடுப்பதற்கென்றே அது உண்டானது. இன்றோ அது கைவினை என்னும் பெயரில் பின்னதன் வரிசையில் வந்து அமர்ந்திருக்கிறது.

இந்த இடமாற்றத்தின் பொருளை அம்பத்தூரில் தெளிவாகக் காணலாம். தொழிற்பேட்டையில் ஆஃப்செட் அச்சகங்கள் பல உண்டு; 'தினமணி' நாளிதழின் தலைமையகமும் அங்கேதான் இயங்குகிறது. ஆஃப்செட் வந்தபின், தப்பிப் பிழைத்த பழைய பிளாட்டன் பொறிகளுக்குப் பொதுவாக எஞ்சிய வேலைகள், அட்டையை வெட்டுவது, மடிப்புக்கோடு இடுவது, ரசீதுக்கு எண் பதிப்பது, தங்கத்தாள் ஒட்டுவது ஆகியவையே. எழுத்துக்காகப் பிறந்த பொறி எழுத்தை இழந்து நின்றது. அப்பொறியை மீட்டு அழைப்பிதழ் அச்சிட முனைவோருக்கு அம்பத்தூரைப் போல் உகந்த இடம் அரிது. உற்பத்தி நின்றுபோன ஒரு பொறியின் பல்சக்கரம் உடைந்தால், மாதிரியைக் கண்டு கடைந்து கொடுக்கும் லேத் பட்டறைகள் அங்கே கூப்பிடு தூரத்தில் உள்ளன. இரும்பைப் பொறுத்தவரை மறுவரவு இயலும். எழுத்தைப் பொறுத்தவரைதான் வினா எழுகிறது.

காணாமற்போன எழுத்துப்பெட்டி

இன்றைய அழைப்பிதழ் அச்சுக்கூடங்களில் பெரும்பாலானவை எழுத்துக் கோப்பதில்லை. கணினியில் வடிவமைத்ததைப் படச்சுருளாக்கி, அதன்வழி ஒளி பாய்ச்சி, பாலிமர் தகட்டை நீரில் கழுவி எடுத்தால் மேடான எழுத்து கிடைத்துவிடுகிறது. இதில் ஏமாற்று ஒன்றுமில்லை. ஆனால் கோப்பவரின் அறிவு இதில் பங்கேற்பதில்லை. தமிழ் அச்சுக்கோப்பு எளிய கலையன்று. உகர, ஊகார உயிர்மெய்களுக்கு மட்டும் 36 தனி வார்ப்புகள் வேண்டும். எந்த எழுத்து எந்த அறையில் உள்ளது என்பதைக் கோப்பவரின் கை பாராமலே அறிந்திருந்தது. 1978ஆம் ஆண்டு எழுத்துச் சீர்திருத்த ஆணை 13 எழுத்துகளின் வடிவை மாற்றியபோது, பழைய ணை, லை, றா முதலியவற்றின் வார்ப்புகள் அறைகளிலிருந்து மெல்ல அகன்றன. பின்னர் ஆஃப்செட்டும் கணினியும் பரவியபோது ஈயம், வெள்ளீயம், ஆன்டிமனி சேர்ந்த அக்கலவை எடைக்குப் போடப்பட்டு உருக்கப்பட்டது. இன்று ஒரு கூடம் 'பழைய முறை அச்சு' என்று விளம்பரம் செய்யும்போது, அங்கே ஆங்கில எழுத்துப்பெட்டி ஓரிரண்டேனும் காட்சிக்கு இருக்கக்கூடும். முழுமையான தமிழ்ப்பெட்டி இருப்பது அருமை. கண்காட்சி மேசையில் பரப்பப்படும் மாதிரிகள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் அமைவதற்கு வாடிக்கையாளர் சுவை மட்டும் காரணமன்று.

தகட்டையே குற்றவாளியாக்குவதும் பொருந்தாது. சென்னைத் திருவல்லிக்கேணியில் 1927இல் தொடங்கப்பட்ட 'முசல்மான்' உருது நாளிதழின் பக்கங்களைக் காதிபுகள் பல பத்தாண்டுகளாகக் கையால் எழுதினர். எழுதிய பக்கம் படமெடுக்கப்பட்டுத் தகடாகி ஆஃப்செட்டில் அச்சேறியது. அங்கும் தகடு உண்டு. ஆயினும் தகட்டுக்கு முன்னே எழுத்தறிந்த ஒரு கை இருந்தது. நாம் கேட்க வேண்டிய கேள்வி இதுதான்: பொறிக்கு முன்னே யார் இருக்கிறார்?

அரபு எழுத்தின் சோதனை

முஸ்லிம்களுக்கு இக்கேள்வி புதிதன்று. வெனிஸ் நகரில் பாகானினி குடும்பத்தார் 1537–38இல் அச்சிட்ட குர்ஆன் பிழைகள் மலிந்தது. சொல்லில் நிற்கும் இடத்திற்கேற்ப வடிவு மாறி இணைந்தோடும் அரபு எழுத்தை உலோகத் துண்டுகளில் அடைப்பது கடினம். கையெழுத்தை அப்படியே காக்கும் கல்லச்சை நம் முன்னோர் விரும்பியதற்கு இதுவும் ஒரு காரணம். தமிழ் ஒலிகளுக்கெனப் புள்ளிகளும் குறிகளும் கூட்டிய அரபுத்தமிழ் நூல்கள் பெரும்பாலும் கல்லச்சிலேயே வெளிவந்தன. அதே வேளையில் தமிழ் எழுத்தில் ஈய அச்சை அவர்கள் தயங்காது ஏற்றனர். சேகப்துல் காதிறு நயினார் லெப்பை ஆலிம் 1842இல் சீறாப்புராணத்தைப் பதிப்பித்தமை அதற்குச் சான்று. எந்த எழுத்துக்கு எந்த அச்சு என்ற தெளிவு அவர்களிடம் இருந்தது.

அழைப்பிதழில் இத்தெளிவு இன்றும் வேண்டும். அரபு எழுத்திணைப்பை அறியாத மென்பொருளில் பிஸ்மில்லாஹ்வை இட்டால் எழுத்துகள் பிரிந்தும் வரிசை தலைகீழாகியும் வரும். அதைப் படிக்கத் தெரியாத வடிவமைப்பாளர் அதனை ஓர் அலங்காரமாகவே காண்பார். 'ரஹீம்' என்னும் சொல்லில் ஹா எழுத்தின் கீழே ஒரு புள்ளி விழுந்தால் அது 'ரஜீம்' ஆகிவிடும். அளவற்ற அன்புடையோனின் பெயர் விரட்டப்பட்டவனின் அடைமொழியாக மாறும். பழைய அச்சகங்கள் நல்ல கையெழுத்திலிருந்து செய்த ஒரே பிளாக்கைப் பேணி வைத்து எல்லா நிக்காஹ்களுக்கும் பயன்படுத்தியது சிக்கனம் மட்டுமன்று, பாதுகாப்பும் ஆகும்.

அழைப்பிதழ் ஒரு பனுவல்

நிக்காஹ் அழைப்பிதழுக்கு ஓர் இலக்கணம் உண்டு. பிஸ்மில்லாஹ், ஸலாம், இரு வீட்டார் பெயர், ஊர், 'தீன்குலச் செல்வன்', 'தீன்குலச் செல்வி', நிக்காஹ் மஜ்லிஸ் நடைபெறும் பள்ளிவாசல், துஆவுக்கான வேண்டுகோள் என அது ஒழுங்காகச் செல்கிறது. தேதி இரு நாட்காட்டிகளில் வரும். இங்கேதான் அச்சிடுபவரின் அறிவு சோதிக்கப்படுகிறது. ஹிஜ்ரி நாள் மஃரிபுடன் பிறக்கிறது; ஞாயிறு மஃரிபுக்குப் பின் நிகழும் நிக்காஹ் ஹிஜ்ரிக் கணக்கில் திங்களுக்குரிய தேதியைப் பெறும். மாதம் 29இல் முடியுமா 30இல் முடியுமா என்பது பிறையைப் பொறுத்தது. அழைப்பிதழோ பல வாரங்களுக்கு முன்பே அச்சாகிறது. 'இன்ஷா அல்லாஹ்' என்னும் சொல் அங்கே வெறும் மரபுத்தொடராக நிற்கவில்லை. இவற்றை அறிந்து மெய்ப்புத் திருத்தும் கூடம் ஒரு கலையை நடத்துகிறது. இவற்றை அறியாது, வந்த எழுத்தைத் தாளில் ஆழப் புதைக்கும் கூடம் தாளுக்குத்தான் மதிப்பேற்றுகிறது.

விலையைப் பற்றியும் சொல்ல வேண்டும். தகடு செய்வதும், மை கலப்பதும், பொறியைச் சீர்செய்து பதம் பார்ப்பதும் 50 படிக்கும் 500 படிக்கும் ஒன்றே. ஒவ்வொரு வண்ணத்திற்கும் தனித் தகடும் தனி ஓட்டமும் வேண்டும். ஆகவே குறைந்த படிகளும் மிகுந்த வண்ணங்களும் விலையை ஏற்றுகின்றன. ஒரே வண்ணமும் நிறைந்த படிகளும் அதை இறக்குகின்றன. கண்காட்சிச் சந்தை ஊக்குவிப்பது முதலாவதை. நிக்காஹ் வேண்டுவதோ இரண்டாவதை. நிக்காஹைப் பகிரங்கப்படுத்துமாறு நபி (ஸல்) அவர்கள் பணித்தார்கள். செல்வர் அழைக்கப்பட்டு ஏழைகள் விடப்படும் வலீமா விருந்தை இழித்துரைக்கும் நபிமொழி புகாரி, முஸ்லிம் இரண்டிலும் இடம்பெற்றுள்ளது. விலை மிகுதியால் எண்ணிக்கை குறைந்து, தெரிந்தெடுத்த சிலருக்கு மட்டும் சென்றடையும் அழைப்பிதழ் எவ்வளவு அழகாயினும், தன் முதற்பணியில் குறைபட்டதே. சுற்றத்தார்க்கு ஒன்று, ஜமாஅத்தார்க்கு மலிவான வேறொன்று என இருவகை அச்சிடும் வழக்கமும் இக்குறையைப் போக்குவதாகாது. அதனை அச்சில் ஏற்றிக் காட்டுகிறது.

ஆயினும் இம்மறுவரவைப் புறந்தள்ள வேண்டியதில்லை. சிறு அச்சுக்கூடத்தின் உண்மையான வலிமை, வாடிக்கையாளரும் அச்சிடுபவரும் ஒரே மேசையில் அமர்ந்து மெய்ப்புப் பார்க்க முடிவதில் உள்ளது. ஓய்வுபெற்ற அச்சுக்கோப்பாளர்கள் இன்னும் நம்மிடையே வாழ்கின்றனர்; அவர்கள் கையறிவைக் கற்றுக்கொள்ளக் காலம் மிகுதியாக இல்லை. ஒரு தமிழ் எழுத்துப்பெட்டி, தேர்ந்த காதிபின் கையிலிருந்து செய்த பிஸ்மில்லாஹ் பிளாக், ஒரே வண்ணத்தில் ஐந்நூறு படிகள்: இவ்வளவில் அம்பத்தூரில் ஒரு சிறு கூடம் தொடங்கினால் அது கண்காட்சிக்கும் அழகு சேர்க்கும், ஜமாஅத்துக்கும் பயன்படும். அழைப்பிதழுக்கு முன்பணம் கொடுக்கச் செல்வோர், தாளைத் தடவிப் பார்க்கும் முன் தமிழ்ப்பெட்டி உண்டா என்றும், அரபு மெய்ப்பை யார் திருத்துகிறார் என்றும் கேட்பாராக. கேட்போர் பெருகினால் பெட்டிகளும் திரும்பி வரும்.